பஜனைக் குழுவுக்கு மிக்சர்: மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே பெட்டி போதுமா?

ஆர்மோனியக்காரன், கொழிஞ்சாம்பாறை

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் ஒரு சின்ன பஜனைக் குழு. பாடுகிறவர்கள் 4 பேர், ஆர்மோனியம் நான், அப்புறம் டோலக், உடுக்கை, கீபோர்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் விளக்கு விழாவுக்குக் கூப்பிடுவார்கள், அப்போது கூடவே ஒரு செண்டைக்காரரும் வந்து சேர்ந்துகொள்வார். இத்தனை நாளும் மைக் செட் வாடகைக்கு எடுத்தே ஓட்டிவிட்டோம். இப்போது ஊர்க் கோயிலில் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிவிட்டார்கள், எல்லா மைக்கையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சர் மட்டும் நம்முடையதாக இருந்தால் நல்லது என்று குழுவில் பேச்சு.

என் பிரச்சினை ரெக்கார்டிங். போன வருடம் மைக் செட்காரர் மிக்சரிலிருந்து யூஎஸ்பி ஒயரை என் லேப்டாப்பில் சொருகி மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். அங்கே உட்கார்ந்து கேட்டவர்கள் பிரமாதம் என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் பாட்டு மட்டும் மூஞ்சிக்கு நேராக வருகிறது, டோலக் அடுத்த தெருவில் அடிக்கிற மாதிரி, செண்டை வந்ததற்கான அடையாளமே இல்லை.

கையில் 45,000 சேர்ந்திருக்கிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு பத்து போடலாம். கோயம்புத்தூரில் விசாரித்த கடைக்காரர் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் "யூஎஸ்பி இருக்குங்க, ரெக்கார்டிங் பண்ணிக்கலாம்" என்கிறார். எதைத்தான் வாங்குவது?

மைக்செட் வேலந்தாவளம்

அண்ணா, அந்த ரெக்கார்டிங் கெட்டதற்கு மிக்சரும் காரணமில்லை, ஓட்டியவரும் காரணமில்லை. செண்டை தன் சத்தத்திலேயே கோயில் முழுக்கக் கேட்கும், அதற்கு மைக் வைக்கவே மாட்டோம். டோலக்குக்கு மைக் இருந்தாலும் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் கட்டை) பாதிக்கு மேலே ஏறாது. குரலைத்தான் மேலே தூக்க வேண்டியிருக்கும். அங்கே உட்கார்ந்தவர் காதுக்கு ஸ்பீக்கரும் நேர்ச் சத்தமும் கலந்து போனது, உங்கள் லேப்டாப்புக்கு ஸ்பீக்கருக்குப் போனது மட்டும் போனது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே கடையில் "யூஎஸ்பி இருக்கா" என்று கேட்காதீர்கள், "எத்தனை சேனல் தனித்தனியாகப் பதிவாகும்" என்று கேளுங்கள். யமஹா எம்ஜி12எக்ஸ்யூ நல்ல உழைப்பாளிப் பெட்டி, நானே வைத்திருக்கிறேன், ஆனால் யூஎஸ்பியில் போவது எல்லாம் கலந்த இடது வலது இரண்டு மட்டும். பெயரில் 12 இருந்தாலும் மைக் ஒயர் சொருக 6 இடம்தான். உங்களுக்குக் குரல் 4, ஆர்மோனியம், டோலக், உடுக்கை, செண்டை என்று 8 மைக் வேண்டும், கீபோர்டு தனி. கணக்கு அங்கேயே இடிக்கிறது.

என் ஓட்டு பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18-க்கு. 16 மைக் சேனல், யூஎஸ்பியில் 18 தனித்தனியாக. சாதாரணமாக அந்தப் பதிவு ஃபேடருக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளப்படும், அதனால் செண்டைக்கு ஒரு மைக்கை வைத்து ஃபேடரை அடியில் போட்டுவிட்டாலும் லேப்டாப்பில் அது முழுசாக இருக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாகக் கலக்கிக்கொள்ளலாம். உங்கள் பட்ஜெட்டைக் கொஞ்சம் கடிக்கும், ஆனால் இதே குடும்பத்தில் விலை குறைவு என்று எக்ஸ்ஆர்16 பக்கம் போய்விடாதீர்கள், அது பென்டிரைவில் ஸ்டீரியோவாக மட்டும்தான் எழுதும். மறுபடி போன வருடக் கதைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் கைக்கு ஃபேடரே கிடையாது, எல்லாம் டேப்லெட்டில்தான். உள்ளேயே வைஃபை இருக்கிறது, அதை நம்பித் திருவிழாவுக்குப் போகாதீர்கள். மைதானம் முழுக்கச் செல்போன் இருக்கும்போது நடுப்பாட்டில் தொடர்பு அறுந்து நான் வியர்த்துப் போயிருக்கிறேன். ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டரை லேன் ஒயரில் மாட்டிக்கொண்டால் நிம்மதி.

செங்கோட்டை சவுண்ட்

வேலந்தாவளம் அண்ணன் சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு சரி, தீர்வில்தான் நான் மாறுபடுகிறேன். எட்டுப் பேரும் மேடையில் உட்கார்ந்துவிட்டால் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? ஆர்மோனியக்காரர் ஒரு கையில் துருத்தி, ஒரு கையில் கட்டை, மூன்றாவது கைக்கு எங்கே போவார்? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பி ஃபீட்பேக் கூவும்போது கை தானாகப் போய் ஒரு ஃபேடரை இழுக்கணும், திரையில் பக்கம் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஈரக்கையில் டேப்லெட் வேலையும் செய்யாது.

ஸூம் லைவ்டிராக் எல்-12 பாருங்கள். 8 மைக் சேனல், கூட 2 ஸ்டீரியோ, சரியாக உங்கள் கணக்கு. எஸ்டி கார்டிலேயே 14 டிராக் (தனித்தனிப் பதிவு) பதிவாகும், லேப்டாப் தூக்கிப் போகவே வேண்டாம். டாஸ்காம் மாடல் 12-ம் அதே ஜாதி, அதிலும் 8 மைக், 12 டிராக். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் மணிக்குச் சுமார் 520 எம்பி, 14 டிராக்கும் ஓடினால் 7 ஜிபிக்குச் சற்று மேல். 64 ஜிபி கார்டு ஒரு விளக்குக்குத் தாராளம்.

எல்-12-இல் குறை என்னவென்றால் 8 மைக்கோடு கதை முடிந்தது. அடுத்த வருடம் இன்னொரு பாடகர் சேர்ந்தால் கை பிசைய வேண்டியதுதான்.

இன்னொன்று. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது. விளக்கோ விடியும் வரை நடக்கும். ஆம்ப்பை அணைத்த பிறகும் மிக்சர் தன்பாட்டில் பதிவு செய்துகொண்டிருக்கும். கேட்டால் அந்த நேரத்து உடுக்கைப் பாட்டுத்தான் உண்மையான பாட்டு.

சித்தூர்ப்புழை

இவ்வளவு செலவு எதற்கு? விலை குறைந்த அனலாக் மிக்சர் ஒன்று, கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று. ரெக்கார்டரைக் கூட்டத்துக்கு நடுவே ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள், செண்டையும் டோலக்கும் அதில் வந்துவிடும். மிக்சரின் யூஎஸ்பியில் குரல். தொடங்கும்போது ஒரு கைத்தட்டு, வீட்டில் இரண்டையும் தட்டுக்குத் தட்டு பொருத்தினால் முடிந்தது.

மைக்செட் வேலந்தாவளம்

தம்பி சொல்வது நடக்கும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரு பாட்டுக்குப் பரவாயில்லை, மூன்று மணி நேரம் போனால் கடைசியில் கைத்தட்டு இரண்டு முறை கேட்கும். பாட்டுக்குப் பாட்டு வெட்டிப் பொருத்தணும். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டியின் இருமலும் இலவசம்.

ஆர்மோனியக்காரன், கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்றாவது கை என்னிடம் இல்லைதான், ஆகவே ஃபேடர் உள்ளதுதான் எனக்குச் சரி வரும். இன்னும் இரண்டு சந்தேகம். பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்க மேடையில் மானிட்டர் பாக்ஸ் வைத்தால் நான் முன்னால் சத்தம் கூட்டும்போதெல்லாம் அதிலும் கூடிக் கூவுகிறது. அப்புறம் ஜெனரேட்டரில் ஓட்டும் இடங்களில் ஒரே "உம்ம்" இரைச்சல்.

செங்கோட்டை சவுண்ட்

மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் (தனியாகப் பிரித்து அனுப்பும் வழி) ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்னால் இருக்கணும், எக்கோவுக்குப் போவது போஸ்ட்டில், ஃபேடருக்குப் பின்னால். உங்களுக்கு மானிட்டரும் போஸ்ட்டில் கிடந்திருக்கும். எல்-12-இல் ஐந்து வெளியீடு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை வைத்துக்கொள்ளலாம்.

மைக்செட் வேலந்தாவளம்

இரைச்சலுக்கு: மிக்சரும் ஆம்ப்பும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள், கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) போட்டு அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் (சிக்னல் ஒயரின் கிரவுண்டை மட்டும் துண்டிப்பது) தட்டிப் பாருங்கள். யாராவது பெரிய மனிதர் வந்து "எர்த் பின்னை ஒடித்துவிடு, இரைச்சல் போயிடும்" என்பார். போகும், கூடவே ஆளும் போவார். மைக்கைத் தொட்ட பாடகருக்கு ஷாக் அடித்ததை நான் கண்ணால் பார்த்தவன். ஜெனரேட்டர் என்றால் மிக்சருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள், நடுவில் கரன்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

செண்டைக்காரரிடம் சோதனைக்குத் தட்டச் சொன்னால் விரலால் தட்டுவது போலத் தட்டுவார், மேளம் சூடேறியதும் வேறு ஆள் ஆகிவிடுவார். அதனால் கெயினை (மைக் சத்தம் மிக்சருக்குள் வரும் அளவை) சோதனையில் வைத்ததைவிட ஒரு பத்து டெசிபெல் குறைத்தே விடுங்கள். சத்தம் குறைவாகப் பதிவானால் வீட்டில் தூக்கிக்கொள்ளலாம், சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த சத்தத்தை ஒட்ட வைக்க முடியாது.

ஆர்மோனியக்காரன், கொழிஞ்சாம்பாறை

சரிங்க அண்ணா. சனிக்கிழமை கோயம்புத்தூர் போகிறோம். செண்டைக்காரரைக் கடைக்குள் விடுவார்களா தெரியவில்லை, உடுக்கைக்காரரை மட்டும் கூட்டிப் போகிறேன்.