எனக்கும் ஈசனுக்கும் நடுவில் ஆள் வேண்டுமா? வீட்டில் லிங்க பூசை பற்றி

வைகைக்கரை கேட்டது:
வணக்கம். மீனாட்சி கோயிலில் சொக்கநாதரைப் பட்டர்கள் தவிர வேறு யாரும் தொட முடியாது. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் பேர், நட்சத்திரம் கேட்டு நமக்காக அவர்களே சொல்கிறார்கள். வீட்டிலாவது சின்னதாக ஒரு படிக லிங்கம் வைத்து நாமே பூசை பண்ணலாமென்றால், தீட்சை வாங்காமல் தொடக்கூடாது என்கிறார்கள். காசியில் பக்தர்கள் தங்கள் கையாலேயே தண்ணீர் ஊற்றுகிறார்களே! நடுவில் ஆள் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் தினமும் என்ன செய்யலாம்?

ஆவணிமூலவீதி:
கோயில் பூசையும் வீட்டுப் பூசையும் வேறு வேறு. கோயிலில் நடப்பது பரார்த்தம், ஊருக்கும் உலகத்துக்குமானது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் காலசந்தி என்ற காலைப் பூசையும் அர்த்தசாமம் என்ற இரவுப் பூசையும் நடக்கும். வீட்டில் செய்வது ஆன்மார்த்தம். அவரவர் உயிருக்காக அவரவரே செய்வது, அதில் அடுத்தவருக்கு வேலை இல்லை.

மேலமாசி வீதி இம்மையிலும் நன்மை தருவார் கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுந்தரபாண்டியராக முடிசூடும் முன்பு சிவனே லிங்கம் வைத்துப் பூசித்த இடம் என்பது தலபுராணம். பூசை செய்கிறவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் நமக்குத் தெரிவது லிங்கத்தின் பின்புறம். ஆன்மார்த்தத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

தீட்சை மூன்று படி. சமய தீட்சையில் ஐந்தெழுத்து ஓதும் உரிமை, விசேட தீட்சையில் லிங்க பூசை செய்யும் உரிமை, அதற்கு மேல் நிருவாண தீட்சை. குரு கற்றுக்கொடுத்துக் கையைப் பிடித்து உள்ளே விடுகிறார், பூசையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஆன்மா, இடம், பொருள், மந்திரம், லிங்கம் என்று ஐந்து சுத்தி, அதாவது தூய்மை செய்தல் உண்டு. அதைப் புத்தகம் பார்த்துப் பழகினால் கைவிரல் முத்திரையும் வரிசையும் தவறும். தீட்சைக்கு ஆதீன மடங்களில் கேளுங்கள்.

தீட்சை இல்லாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. குளித்துத் திருநீறு பூசி, விளக்கேற்றி, படத்துக்கு முன் ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு பச்சிலையும் வைத்து ஒரு பதிகம் பாடுங்கள். சம்பந்தர் இந்த மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய் தீரப் பாடிய திருநீற்றுப் பதிகமே பதினொரு பாட்டுதான், பத்து நிமிடத்தில் முடியும்.

படிக லிங்கத்துக்கு அவசரப்படாதீர்கள். வாங்கி வைத்தால் தினமும் நீராட்டும் நிவேதனமும் வேண்டும். முதல் வாரம் ஒரு படி பால் ஊற்றுவார்கள், மூன்றாம் மாதம் தூசி படிந்து கிடக்கும். பாலை ஒரு கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, லிங்கத்தின் பீடமான ஆவுடையின் இடுக்கு வரை துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் புளித்த வாடை வரும், பாசி பிடிக்கும். தாழம்பூ சிவனுக்கு ஆகாது. வில்வத்தை மட்டும் கழுவி மறுபடியும் சாத்தலாம்.

கொடிக்குளத்தான்:
வைணவத்தில் நடுவில் ஆள் உண்டு. தாயார், அதாவது மகாலட்சுமி! பெருமாளிடம் நமக்காகப் பரிந்து பேசுவதைப் புருஷகாரம் என்பார்கள். அதனால்தான் கூடலழகரைச் சேவிக்கும் முன் மதுரவல்லித் தாயாரைச் சேவிப்பது. வைணவத்தின் இரு பிரிவுகளில், தென்கலையில் தாயார் பரிந்துரைப்பவர், மோட்சம் தருவது பெருமாள் மட்டும். வடகலையில் தாயாரும் சேர்ந்தே தருகிறார். தென்கலையின் இந்தப் புருஷகாரக் கொள்கையை நுணுக்கமாக எழுதிய பிள்ளை லோகாசாரியார் பரமபதித்தது ஒத்தக்கடைப் பக்கம் ஆனைமலையை அடுத்த கொடிக்குளத்தில். படையெடுப்புக்குப் பயந்து உற்சவர் நம்பெருமாளைத் திருவரங்கத்திலிருந்து எடுத்து வந்த காலம் அது. ஒன்றை மறக்கக்கூடாது: தாயார் மறிப்பவர் இல்லை. குழந்தைக்காக அம்மா அப்பாவிடம் பேசுவதுபோலத்தான்.

செக்கானூரணி பங்காளி:
எங்க பக்கம் குலசாமி கோயில்கள்ல பூசாரியே பங்காளிதான். அவர் இல்லாட்டி பொங்கல் நின்னுபோகாது. அரைக் கிலோ பச்சரிசி, நூறு கிராம் பாசிப்பருப்பு, முக்காக் கிலோ வெல்லம். அரிசி நல்லாக் குழைஞ்ச பிறகுதான் வெல்லம் போடணும், முந்திப் போட்டா அரிசி விதை விதையா நின்னுரும். வாழை இலையில படைச்சு, சூடம் காட்டி, நம்ம வாயாலயே கேட்டுக்கலாம். வெளியூர்ல குடியேறுனவங்க குலசாமி கோயில்ல ஒரு கைப்பிடி மண்ணு, பிடிமண்ணுன்னு எடுத்துட்டுப் போயி அங்கேயே கும்பிடுறாங்க. சாமியாடி குறி சொன்னா கேளுங்க, ஆனா குறிக்குத் தட்டுல ஆயிரம் வைன்னு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க அண்ணே. சாமி விலை பேசாது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. எனக்குக் கோத்திரம் தெரியாது. அர்ச்சனையின்போது என்ன சொல்வது? பிரதோஷத்துக்கு மட்டுமாவது லிங்கம் வைத்துக் கும்பிட வழி உண்டா?

ஆவணிமூலவீதி:
சிவகோத்திரம் என்று சொல்லலாம். இல்லையென்றால் ‘சாமி பேருக்கே பண்ணுங்க’ என்று தட்டைக் கொடுங்கள்.

பிரதோஷத்துக்கு மண் லிங்கம் பிடியுங்கள். அந்த வேளைக்கு மட்டும் வைத்துக் கரைத்துவிடுவதால் தினப் பூசைக் கடமை இல்லை. மந்திரமும் முத்திரையும் வேண்டாம், பெயர் சொல்லி வணங்கினால் போதும். வைகை மணல் பருமன், பிடித்தால் நிற்காது. கண்மாய் வண்டலைச் சலித்து, இரண்டு கைப்பிடிக்கு நாலைந்து தேக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். தண்ணீர் குறைந்தால் உச்சியில் வெடிக்கும், கூடினால் சாயும். கட்டைவிரல் உயரம் போதும். மேலே நீர் ஊற்றாமல் பூவால் தொட்டுத் தெளியுங்கள். மறுநாள் காலை வாளித் தண்ணீரில் கரைத்து, கால்படாத செடியடியில் ஊற்றிவிடுங்கள்.