பேடில் கியரா, கை கியரா? ஓட்டினவங்க, கழட்டினவங்க, தூக்கிட்டுப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

கிருஷ்ணகிரி ரெக்கவரி வண்டி

நான் பைபாஸ்ல ரெக்கவரி வண்டி ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சா போதும், பெங்களூர்ல இருந்து விலை உயர்ந்த வண்டிங்க சூளகிரி தாண்டி வரிசையா வரும். இங்க டிபன் சாப்பிட்டுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடும்.

போன மாம்பழ சீசன்ல ஒரு போன் வந்துச்சு. இத்தாலி வண்டி, பேர் வேணாம். ஸ்டீயரிங் பின்னாடி விரலால இழுத்து கியர் மாத்துற பேடில், ரெண்டு காது மாதிரி, கீழ பார்த்தா ரெண்டே பெடல். டீ குடிக்க நிறுத்தினவரு வழக்கம்போல முதல் கியர்ல போட்டு ஆஃப் பண்ணிட்டு இறங்கிட்டாரு. அந்த வண்டியில பார்க்கிங் கியர்னு தனியா கிடையாது. திரும்பி வந்து கதவைத் திறந்தா, எப்பவும் சீட்டுக்குப் பின்னாடி "ங்ங்ங்"னு ஒரு பம்ப் ஓடுமாம். அன்னிக்கு ஓடல.

அவ்வளவுதான். கியரைப் பிடிச்சு இழுக்குற எண்ணெய் அழுத்தமே அந்தப் பம்ப்ல இருந்துதான் வரணும். அழுத்தம் இல்லன்னா கிளட்ச் ஒட்டியே கிடக்கும், கியரும் முதல்லயே கிடக்கும். தள்ளவும் முடியாது, மிதிக்க கிளட்ச் பெடலும் கிடையாது. சாதா வண்டியா இருந்தா கையால ஒரு தட்டு தட்டினா நியூட்ரல். இதுல நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் டயர் அசையல. மூக்கு வேற தரையை உரசுற உயரம். பலகை போட்டு, பின் சக்கரத்துக்கு அடியில சின்ன உருளை டிராலி கொடுத்து, இழுத்து ஏத்தி முடிக்க ஒண்ணரை மணி நேரம். ஓனரு பாவம், ஒரு வார்த்தை பேசல.

அதுல இருந்து யாராவது "சீக்வென்ஷியல் (கியர் ஒண்ணொண்ணா வரிசையா மட்டும் மாறுறது) தான் பெஸ்ட்"னு சொன்னா எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருது. உங்க அனுபவம் என்ன?

ஓசூர் ஸ்பேனர்

அண்ணா, சம்பவம் சரி, பேருதான் தப்பு. நீங்க ஏத்தினது சீக்வென்ஷியல் பாக்ஸே இல்ல. உள்ள இருக்குறது நம்ம சாதா ஹெச் கேட் பாக்ஸ்தான், லிவரை ஹெச் எழுத்து மாதிரி தள்ளுவோமே அதே பெட்டி. கைக்குப் பதிலா ஹைட்ராலிக்ஸ் கியர் மாத்துது, காலுக்குப் பதிலாவும் அதுவே கிளட்ச் மிதிக்குது. ஃபெராரி 1997ல 355 எஃப்1னு விட்டாங்களே, அதுவும் இந்த வகைதான். பிஎம்டபிள்யூ இ46 எம்3யோட எஸ்எம்ஜிங்குற கியர்பாக்ஸும் அதேதான். ஓட்டுறவனுக்கு மேல கீழனு வரிசையா மாறுற மாதிரி தெரியும், பெட்டிக்கு அது தெரியாது.

உண்மையான சீக்வென்ஷியல் உங்க வீட்டு வாசல்ல நிக்குது. பைக்! இங்க ஓசூர்ல செய்யுற அப்பாச்சி ஆர்ஆர் 310 பாக்ஸைப் பிரிச்சுப் பாருங்க, நடுவுல ஒரு உருளை, அதுல பாம்பு மாதிரி வளைஞ்ச பள்ளம். நீங்க லிவரைத் தட்டினா உருளை ஒரு படி சுத்தும், பள்ளம் கியரை நகர்த்துற ஃபோர்க்கைத் தள்ளும். ஒண்ணு முடிஞ்சாதான் ரெண்டு. அஞ்சுல இருந்து நேரா ரெண்டுக்குத் தாவ முடியாது.

நான் ரெண்டு சீசன் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒத்தை சீட் ரேஸ் வண்டிக்கு ஹெல்பரா இருந்தேன். அந்தப் பாக்ஸ்ல சிங்க்ரோவே கிடையாது, அதாவது பல்லு கோக்குறதுக்கு முன்னாடி சுத்துற வேகத்தைச் சமமாக்குற சாமான். பக்கவாட்டுல தடிச்ச பல்லு நாலஞ்சு, அதுக்கு நேரா எதிர்ப்பக்கம் குழி. டிரைவர் கிளட்ச் மிதிக்குறது கிளம்பும்போது மட்டும்தான். மேல போகும்போது இன்ஜினை ஒரு கண்சிமிட்டு வெட்டிவிட்டா "டக்". தைரியமா அடிக்கணும். பயந்து பயந்து மெதுவா போட்டா பல்லு முனையோட முனை உரசி மழுங்கும். சாயங்காலம் பெட்டியைப் பிரிச்சு ஒரு ரிங்கை உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன், ஒரு ஓரம் புதுசா கூர்மையா இருக்கு, இன்னொரு ஓரம் சப்பிப் போட்ட கல்கண்டு மாதிரி. டிரைவர் யாருன்னு பார்க்காமலே சொல்லிடலாம்.

சத்தம்? நேர்ப்பல்லு கியர், மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி. இதைத் தெருவுல ஓட்டினா பொண்டாட்டி இறங்கி பஸ்ல போயிடுவாங்க. ஆனா ரேஸ்ல ஒரு பெரிய நிம்மதி, மூணுக்குப் போட நினைச்சு ஒண்ணுல விழுந்து இன்ஜின் வெடிக்குற கதை இதுல நடக்காது.

பாலக்கோடு பையன்

அப்போ கிளட்ச் பெடல் இல்லாம தானா கியர் மாத்துற என் சின்ன ஏஎம்டி வண்டியும் ஃபெராரி வம்சமா அண்ணா? ரெண்டாவது கியர் விழும்போது எங்க ஆத்தா தலை முன்னாடி போய் "என்னடா கும்புடு போட வைக்குற"ங்குது.

ஓசூர் ஸ்பேனர்

சிரிக்காத தம்பி, நெசமாவே வம்சம்தான். 1989 பிரேசில் ஃபார்முலா ஒன் ரேஸ்ல மான்செல் ஜெயிச்ச ஃபெராரியிலதான் ஸ்டீயரிங் பின்னாடி பேடில் வச்சு முதல் வெற்றி. ஃபெராரிக்கு இந்த விஷயத்துல கைகொடுத்த மேக்னெட்டி மரெல்லி கம்பெனிதான் 2014ல இங்க வந்த மாருதி செலேரியோவுக்கும் ஏஎம்டி சாமான் கொடுத்தது. வேகம் மட்டும்தான் வேற. ஆத்தாகிட்ட சொல்லு.

தர்மபுரி ஆக்டிங் டிரைவர்

நான் ஓட்டுனவன், கழட்டத் தெரியாது. ஒரு பெங்களூர் சாரோட நிசான் 370இசட், ஆறு கியர் மேனுவல், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாங்க. தொப்பூர் கணவாய் இறக்கம் வந்துச்சு. சேலம் பக்கம் இறங்குற அந்த ரோட்டைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம். நியூட்ரல்ல இறக்காதேன்னு போர்டு வச்சும் லாரிங்க இறக்குதுங்க.

நாலுல இருந்து மூணுக்குக் கிளட்ச் மிதிச்சுத் தள்ளினேன். நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்ல, இன்ஜின் தானா "வ்ரூம்"னு ஒரு குரல் கொடுத்து வேகத்தைச் சேர்த்துக்கிச்சு. வண்டி துளி குலுங்கல. பேய் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா கியர் லிவர் பக்கத்துல எஸ்-மோடுன்னு ஒரு பட்டன், அது ஆன்ல இருக்கு. இன்ஜின் வேகத்தைத் தானா சேர்த்துவிடுறது அதுதான்.

எங்கப்பா பழைய லேலண்டு காமெட் லாரியில இதே இறக்கத்துல இதைத்தான் காலால பண்ணுவாரு. கிளட்ச், நியூட்ரல், ஒரு மிதி, மறுபடி கிளட்ச், கியர். டபுள் கிளட்ச். தப்பினா "கரகரகர"ன்னு பல்லு கத்தும், கிளீனர் பையன் சிரிப்பான். நான்தான் அந்தக் கிளீனர் பையன்.

பட்டனை ஆஃப் பண்ணிட்டு மீதி இறக்கத்தை அப்பா மாதிரியே இறங்கினேன். ரெண்டு தடவை வண்டி வெட்டுச்சு, மூணாவது தடவை சரியா விழுந்துச்சு. யாரும் கூட இல்லையேன்னு இருந்துச்சு.

ஓசூர் ஸ்பேனர்

அண்ணா, அப்பாவோட காமெட் பாக்ஸும் நான் சொன்ன ரேஸ் பாக்ஸும் உள்ள ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. சிங்க்ரோ இல்லாம பல்லும் குழியும் நேரா கோக்குறதுதான் ரெண்டும். உங்க ஆசை உங்களுக்கு மட்டும் இல்ல, போர்ஷே 2013ல ஜிடி3ங்குற ஸ்போர்ட்ஸ் காரை பேடிலோட மட்டும்தான் விட்டான். கேட்டவங்க தொல்லை தாங்காம 2017ல மறுபடி மேனுவல் கொடுத்தான். ஸ்டாப்வாட்ச்ல பேடில்தான் முன்னாடி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வாங்குறவன் எல்லாம் ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டா ஓட்டுறான்?

பாலக்கோடு பையன்

ரெக்கவரி அண்ணா, கடைசியா அந்த இத்தாலி வண்டிக்கு என்ன ஆச்சு? பலகை எங்க வாங்குனீங்க?

கிருஷ்ணகிரி ரெக்கவரி வண்டி

பெங்களூர்ல கழட்டிப் பார்த்தா பம்ப் நல்லா இருக்காம், அதுக்குக் கரண்ட் கொடுக்குற ரிலே போயிருக்கு. தீப்பெட்டியில பாதி சைஸ். பலகை வாங்கல தம்பி, பக்கத்துல கட்டுற வீட்டுல இருந்து எடுத்த சென்ட்ரிங் பலகை. மேஸ்திரி இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு.