எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்கில் துரு: பட்டறை அனுபவங்கள்

கோவை, பட்டறை உரிமையாளர்

இருபது ஆண்டுகளாக, உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, இணைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர் கொடுக்கும் வரைபடத்தின்படி டேங்க், ஹாப்பர், டக்ட் என்று ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை செய்து கொடுப்பதே எங்கள் தொழில் என்பதால், முதல் பீஸில் விட்ட பிழையை அடுத்த பீஸில் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி எங்களுக்கு இல்லை.

ஓர் உணவுப் பொருள் ஆலைக்கு 5,000 லிட்டர் டேங்க் ஒன்று செய்தோம். 304 வகை எஸ்.எஸ்., 3 மி.மீ. தடிப்பு. 1250 மி.மீ. அகலமும் 2500 மி.மீ. நீளமும் உள்ள நான்கு ஷீட்டுகளை இரண்டிரண்டாக ரோலிங் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, ஏறக்குறைய 1.6 மீட்டர் விட்டத்தில் உடற்பகுதியை அமைத்தோம். ஆர்கான் வெல்டிங் (உருகும் இடத்தில் காற்றுப் படாமல் ஆர்கான் வாயு காக்கும் முறை), 308எல் ஃபில்லர் ராடு (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), உட்பக்கம் பஃபிங் (மெருகேற்றல்) எல்லாம் முறைப்படி நடந்தன. மூன்றே வாரத்தில் வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வந்தது: "எஸ்.எஸ். என்று சொல்லி இரும்பைக் கொடுத்துவிட்டீர்களே!"

போய்ப் பார்த்தேன். டேங்கின் ஒரு பக்கத்தில் மட்டும், தோள் உயரத்திலிருந்து கீழ்நோக்கி, கடுகைத் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. மறுபக்கம் கண்ணாடியாக இருந்தது. ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் கையில் காந்தத்துடன் நின்றுகொண்டிருந்தார். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அவருக்கும் குழப்பம். காந்தத்தை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்பது வேறு கதை. உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-ரே துப்பாக்கி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தாரை வரவழைத்துப் பார்த்ததில், குரோமியம் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல், நிக்கல் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று வந்தது; 304க்கு உரிய அளவுதான். ஷீட்டின் ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) மில் சர்டிஃபிகேட்டும் (உருக்காலை தரும் கலவைச் சான்று) பொருந்தின. சரக்கு சரியானதுதான் என்றால், துரு எங்கிருந்து வந்தது?

விடை என் கைபேசியிலேயே இருந்தது. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று காட்டுவதற்காக அதே வாடிக்கையாளருக்கு நானே அனுப்பிய படம் அது. முன்னால் டேங்க் நிற்கிறது. பின்னால் எங்கள் ஹெல்ப்பர் ஒருவர் இரும்பு கேட் ஒன்றைக் கிரைண்டரில் தேய்க்கிறார். அந்தத் தீப்பொறி வாணவேடிக்கைபோல டேங்கின்மீது பாய்கிறது. பொறி என்று நாம் சொல்வது உண்மையில் சூடேறிய இரும்புத் துகள். எஸ்.எஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். அதன்மேல் இரும்புத் துகள் ஒட்டி, ஈரமும் பட்டால், முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்தான். அப்படியே விட்டுவைத்தால் நாளடைவில் அதன் அடியில் எஸ்.எஸ்ஸிலும் குழி விழும்.

உறுதி செய்துகொள்வதற்காக மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலைப் புள்ளி இல்லாத இடத்திலும் பஞ்சில் தொட்டுத் தடவி, சில நிமிடங்கள் ஈரமாகவே வைத்திருந்தோம். இரும்புத் துகள் இருந்த இடங்களிலெல்லாம் செம்பு படிந்து செந்நிறப் பொட்டுகள் எழுந்தன. உணவு படும் உட்பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது; வெளிப்பக்கத்தில் மட்டும் செய்தோம்.

பிறகு, ஒட்டிய இரும்பைக் கரைத்தெடுக்கும் அமிலப் பசையான பிக்லிங் பேஸ்ட் தடவி, டப்பாவில் குறித்திருந்த நேரம் வைத்திருந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். அந்தப் பேஸ்டில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் இருக்கிறது. இரண்டாவது அமிலம் தோலில் பட்டால் சில நேரம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. உள்ளே இறங்கிய பிறகே வேதனை தொடங்கும். கையுறை, முகக்கவசம் ஆகியவற்றோடு கால்சியம் குளூகோனேட் ஜெல்லும் பக்கத்தில் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது என்பதும், பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் என் பட்டறையில் இன்று எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் பிடித்துச் சுண்ணாம்பு கலந்து அமிலத்தன்மையை முறித்தோம்.

சென்னை, ஓர் ஆலையின் கொள்முதல் பிரிவு

காந்தத்தைப் பற்றி மேலே எழுதியவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அதுதான் முழுக் கதையும். ட்ரே வைக்கும் தள்ளுவண்டிகள் முப்பது வாங்கினோம். ஆர்டரில் 304 என்று தெளிவாக எழுதியிருந்தும், பில்லில் வெறுமனே "எஸ்.எஸ்." என்று வந்ததை நான் கவனிக்கவில்லை. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டாததால் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வந்தது 200 வரிசைச் சரக்கு. அதில் விலை கூடிய நிக்கலைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை மாங்கனீசைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். 202 என்றால் நிக்கல் 4 முதல் 6 விழுக்காடு, மாங்கனீசு 7.5 முதல் 10 விழுக்காடு. அதுவும் காந்தத்தில் ஒட்டாது. மாறாக, அசல் 304ஐ வளைத்த மூலையில் காந்தம் இலேசாக ஒட்டுவதுண்டு என்பதால், காந்தத்தை மட்டும் நம்புகிறவர் நல்லதைத் திருப்பி அனுப்பிவிட்டு மட்டமானதை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். இரண்டு மாதத்தில், கழுவுமிடத்தில் நின்ற வண்டிகளின் வெல்டிங் ஓரமெல்லாம் துருவேறிப் பழுப்பாகிவிட்டன.

திருச்சி, ஓய்வுபெற்ற வெல்டிங் ஆய்வாளர்

வெளியே தெரியும் துருவைப் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை உள்ளே இருந்தவை.

எஸ்.எஸ். குழாயை டிக் வெல்டிங்கில் (மேலே சொன்ன ஆர்கான் வெல்டிங்தான்) இணைக்கும்போது வெளிப்பக்கத்தை டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் காக்கும். உட்பக்கத்தைக் காப்பதற்குக் குழாய்க்குள்ளும் ஆர்கானைச் செலுத்த வேண்டும். இதைத்தான் பர்ஜிங் என்கிறோம். சிலிண்டரை மிச்சப்படுத்துவதாக எண்ணி இதைத் தவிர்த்துவிட்டால், உட்பக்க வெல்டு, அடிப்பிடித்த பாகைப்போலக் கருகிப் பொரிந்து நிற்கும். அந்தப் பொருக்கில் பாலோ பழச்சாறோ தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். பர்ஜிங் செய்கிறவர்களும் வால்வைத் திறந்தவுடனே ஆர்க் அடித்துவிடுகிறார்கள். அடைத்த பகுதியின் கொள்ளளவைப்போல ஐந்தாறு மடங்கு வாயு ஓடிய பிறகு தொடங்குங்கள் என்று நான் ஒவ்வொரு தளத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால் அது கீழே நுழைந்து, காற்று மேலே வெளியேறும்படி துளை வைக்க வேண்டும். வெல்டின் ஓரம் வெள்ளியாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருந்தால் ஒப்புக்கொள்வேன். நீலமும் சாம்பலும் கண்டால் திருப்பி அனுப்புவேன்.

கார்பனைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் எஸ்.எஸ். அதிக நேரம் நின்றால் அதிலுள்ள கார்பன், குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகப் படிகங்களின் ஓரத்தில் ஒதுங்கிவிடும்; அங்கே காப்புப் படலம் வலுவிழக்கும். அதற்காகவே கார்பன் 0.03 விழுக்காட்டைத் தாண்டாத 304எல் இருக்கிறது. என் அனுபவத்தில், 3 மி.மீ. ஷீட்டில் இதைப் பற்றிக் கவலைப்படுமளவுக்கு வெப்பம் தங்குவதில்லை; தடித்த ஃபிளாஞ்சில் (குழாய் முனைகளை இணைக்கும் வளையம்) பல சுற்று வெல்டு போடும்போதுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் என்னை மிகவும் உலுக்கியது தண்ணீர்தான். ஒரு குழாய்த் தொடரைப் போர்வெல் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தார்கள். கசிவில்லை, எல்லோரும் கையெழுத்திட்டோம். கட்டட வேலை தாமதமானதால் தண்ணீரை வடிக்காமலே வாரக்கணக்கில் விட்டுவிட்டார்கள். ஆலையைத் தொடங்கும் நாளில் குழாயின் அடிவயிற்றில், வெல்டை ஒட்டி, வியர்வைபோல் துளித்துளியாகக் கசிந்தது. அறுத்துப் பார்த்தபோது உட்பக்கத்தில் ஊசிமுனையளவு வாயும் உள்ளே அகன்ற வயிறுமாகக் குழிகள் இருந்தன. காரணம் தண்ணீரிலிருந்த குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் கூறு. எஸ்.எஸ். சோதனைக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு வேண்டாம் என்பது பொதுவாகக் கேட்கப்படும் வரம்பு. குடிநீருக்கே 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தரம் சொல்கிறது; ஆகவே "குடிக்கிற தண்ணீர்தானே ஐயா" என்ற சமாதானம் இங்கே செல்லாது. வடித்துவிட்டு, காற்றடித்து உலர்த்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கும்.

தூத்துக்குடி, தளப் பொறியாளர்

ஐயா சொன்ன குளோரைடு எங்களுக்குக் காற்றிலேயே வருகிறது. கடலோரத்தில் 304இல் கைப்பிடிக் கம்பி அமைத்தோம். ஆறு மாதத்தில், தேநீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கறை படிந்தது. வியப்பு என்னவென்றால், மழை நேராக விழும் மேற்பகுதி பளிச்சென்றிருந்தது. மழை படாத அடிப்பகுதிதான் கறுத்தது. உப்பைக் கழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இப்போது 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உள்ள 316ஐத்தான் கேட்கிறோம், மேற்பரப்பையும் வழவழப்பாகவே வாங்குகிறோம். சொரசொரப்பான பாலிஷில் உப்பு பிடித்துக்கொண்டால் எளிதில் போகாது. அண்ணா, அந்த டேங்குக்குப் பிறகு பட்டறையில் என்ன மாற்றம் செய்தீர்கள்?

கோவை, பட்டறை உரிமையாளர்

தம்பிக்கு: செலவு முழுவதையும் நானே ஏற்றுக்கொண்டேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. எஸ்.எஸ். வேலையைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினேன். அதற்குரிய கிரைண்டர் வீல், ஃபிளாப் டிஸ்க், எஸ்.எஸ். வயர் பிரஷ் ஆகியவற்றுக்கு நீலப் பெயின்ட் அடையாளம். இரும்பில் ஒருமுறை தொட்டதை மீண்டும் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. ரோலிங் மெஷின் ஒன்றே ஒன்றுதான் என்பதால், ஷீட்டை ஏற்றுவதற்கு முன் உருளைகளைத் துடைத்துவிட்டு, ஷீட்டின் பிளாஸ்டிக் படலத்தையும் உரிக்காமல் ரோல் செய்கிறோம். வெல்டு வரும் ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் உரித்துக்கொள்கிறோம். ஃபோர்க்லிஃப்டின் நாக்குகளுக்கு ரப்பர் ஷீட் சுற்றியாயிற்று. பழைய பழக்கத்தில் கைக்குக் கிடைத்த பிரஷை எடுப்பது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை; மாதம் ஒரு முறையாவது சத்தம் போட வேண்டியிருக்கிறது.

அந்த ஆலை சென்ற ஆண்டு இரண்டாவது டேங்குக்கும் ஆர்டர் கொடுத்தது. வேலையைப் பார்க்க வந்த அதே பராமரிப்புப் பொறியாளர், காந்தத்தை வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் யாராவது கேட் தேய்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.