கூன் விழுந்த அம்மாவின் உயரத்தை எப்படிக் கணிப்பது?

திருமங்கலத்து மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. முதுகெலும்பு வளைந்து ஏழெட்டு ஆண்டுகளாகின்றன; கட்டிலில் உட்கார முடியுமே தவிர நிமிர்ந்து நிற்க முடியாது. உடல் மெலிந்துகொண்டே வருவதால் மதுரைக்கு அழைத்துச் சென்று உணவு ஆலோசனை கேட்டோம். எடை 42 கிலோ. சுவரோரம் தாங்கிப் பிடித்து நிறுத்தி அளந்ததில் உயரம் 142 செ.மீ. என்று எழுதிக்கொண்டு, பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடல் நிறை எண்) 21-ஐ ஒட்டியிருப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அளவாகத் தைத்த ரவிக்கை இப்போது தோளில் நிற்காமல் சரிவதைத் தினமும் பார்க்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கை, கால் அளவுகளைக் கொண்டு வீட்டிலேயே உயரத்தைக் கணிக்க முடியுமா?

அண்ணாநகர் இயன்முறை மருத்துவர்:
முடியும் அம்மா, உங்கள் சந்தேகமும் நியாயமானதே. முதுமையில் குறுகுவது முதுகுத்தண்டுதான். கை கால்களின் நீண்ட எலும்புகள் குறுகுவதில்லை. ஆகவே முழங்கால் உயரத்தை அளந்து பாருங்கள். அம்மாவை நாற்காலியில் அமர்த்தி, இடது முழங்காலும் கணுக்காலும் செங்கோணத்தில் மடங்கியிருக்க, வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றச் செய்யுங்கள். முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை பின்னால், தொடையின் மேல் ஓர் அட்டை போட்ட நோட்டைத் தரைக்கு இணையாக வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அமெரிக்க முதியவர்களை அளந்து 1985-இல் வெளியிட்ட சூத்திரம் இது. பெண்களுக்கு: 84.88 – (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்). ஆண்களுக்கு: 64.19 – (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்). முழங்காலில் ஒரு செ.மீ. பிசகினால் உயரத்தில் ஏறக்குறைய இரண்டு செ.மீ. பிசகிவிடும் என்பதால் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். பழைய தையல் நாடா இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு டேப்பே நல்லது.

தடயவியல் மாணவன், மேலூர்:
ஒரே அளவை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்களை ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1899-இலேயே வெளியிட்டார். 1952-இல் டிராட்டர், கிளேசர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களின் எலும்புகளைக் கொண்டு புதிதாக வகுத்தார்கள். கீழடியை அடுத்த, நம் பக்கத்துக் கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்தவை போன்ற எலும்புகளை ஆராய்பவர்களுக்கும் இதே வழிதான். ஆனால் காலுக்கும் உடலுக்குமான விகிதம் மக்களுக்கு மக்கள் மாறுபடுவதால், ஓரிடத்தாரை அளந்து செய்த சூத்திரம் வேறிடத்தாருக்கு அப்படியே பொருந்திவிடாது. எனவே கையையும் அளந்து ஒப்பிடுங்கள். கையைத் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, தொண்டைக்குழியின் நடுவிலிருந்து நடுவிரலும் மோதிரவிரலும் பிரியும் இடம் வரை அளந்தால் பாதிக் கைவீச்சு கிடைக்கும். பெண்களுக்கு அதை 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்ட வேண்டும். இதில் வயதைக் கழிப்பதில்லை என்பதால் இரண்டு விடைகளும் அச்சாக ஒத்துப்போக வேண்டியதில்லை.

திருமங்கலத்து மகள்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அளந்தோம். முதல்முறை அம்மா குதிகாலைத் தூக்கிக்கொண்டதால் 47 வந்தது. பாதத்தை என் கையால் அழுத்திப் பிடித்த பிறகு இரண்டு முறையும் 46 செ.மீ. கணக்கிட்டால் உயரம் 151.3. பாதிக் கைவீச்சு 68 செ.மீ., அதன்படி 151.9. உயரத்தை 151.5 என்று கொண்டால் பி.எம்.ஐ. 18.3 ஆகிறது. 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு என்கிறார்களே. கூனல் அம்மாவின் மெலிவை மறைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தடயவியல் மாணவன், மேலூர்:
எடுத்துக்கொள்ளலாம் அம்மா. சூத்திரம் மூன்று செ.மீ.க்கு மேல் தவறி உண்மையான உயரம் 148 ஆகவே இருந்தாலும் பி.எம்.ஐ. 19-ஐ ஒட்டித்தான் நிற்கும், 21 வராது.

அண்ணாநகர் இயன்முறை மருத்துவர்:
இந்த அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மறுபடியும் ஆலோசனை கேளுங்கள். கூடவே, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் மேற்கையின் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு உயரமே தேவையில்லை, 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். மாதம் ஒருமுறை அதே கையில், அதே இடத்தில் அளந்து வந்தால் அம்மா தேறுகிறாரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.