கோத்தகிரி வீடு (குடும்பக் குழு): சுண்டலின் கயிறு

மே மாதம், சனிக்கிழமை

[பிற்பகல் 2:51] கவிதா: (படம்) (படம்) (படம்)

[2:52] கவிதா: கிண்டர் ஸ்கௌட் மலை ஏறி இறங்கியாச்சு. ஈடேல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறோம். நம்ம நாய் சுண்டலுக்கு வெள்ளையாக இருந்த இடமெல்லாம் இப்போது டிகாஷன் நிறம்.

[2:54] லலிதா பெரியம்மா: ஐயோ, எங்கே விழுந்தான்? லண்டனில் இவ்வளவு சேறா?

[2:55] கவிதா: லண்டன் இல்லை பெரியம்மா, மான்செஸ்டர். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். நாய்க்கு டிக்கெட் கிடையாது. ஆளுக்கு இரண்டு நாய் வரை இலவசம்.

[2:56] லலிதா பெரியம்மா: நாய்க்கு இலவசமா! நமக்கு?

[2:56] செந்தில்: நமக்குச் சொத்தை எழுதி வைக்க வேண்டும் பெரியம்மா.

[2:59] அம்மா: எல்லாப் படத்திலும் கயிறு கட்டியே இருக்கிறதே கண்ணு. அத்தனை பெரிய வெட்டவெளியில் ஒரு பத்து நிமிஷம் அவிழ்த்து விட்டால் என்ன? வாயில்லா ஜீவன்.

[3:01] கவிதா: விடக் கூடாதும்மா. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இங்கே திறந்தவெளி நிலத்தில் நாயைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். கயிறு 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 2000-ஆம் வருஷத்துச் சட்டம். ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் வருஷம் பூராவும் இதே கதைதான்.

[3:02] அம்மா: ஏன், ஆட்டைக் கடிக்கும் என்றா?

[3:02] கவிதா: அதுவும்தான். முக்கியமாகப் பறவைக்காக. இந்த மேட்டில் மரமே கிடையாது. ஹெதர் புதர், பஞ்சுப்புல், கீழே கறுப்பு மண், அவ்வளவுதான். மூர் என்கிறார்கள். மரம் இல்லாவிட்டால் பறவை எங்கே கூடு கட்டும்? தரையில்தான்.

[3:03] அம்மா: ஆள்காட்டி மாதிரியா?

[3:03] கவிதா: அதே! ஆள்காட்டிக் குடும்பத்துப் பறவையே இங்கேயும் உண்டு, கீழே மேய்ச்சல் நிலத்தில்.

[3:06] பிரபு: அக்கா, நானும் அடுத்த வாரம் அங்கேதான் வரப்போகிறேன். ரூம்மேட்டின் லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு. ஒரு சந்தேகம். பொதுப் பாதையில் நடந்தால் கயிறு கட்டாயமில்லை, நாய் நம் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்று படித்தேனே?

[3:08] கவிதா: சரியாகத்தான் படித்திருக்கிறாய். பாதையில் அந்த 2 மீட்டர் சட்டம் இல்லை. ஆனால் லாப்ரடாருக்குப் பாதை எது, மூர் எது என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாயா? நாலு அடி தள்ளிப் போனாலே சட்டம் மாறிவிடும்.

[3:09] பிரபு: அந்த மலையில் நடக்கிற உரிமைக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24. முன்னால் நின்று கூட்டிப்போன பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. கௌதாரி மாதிரி ஒரு பறவையைப் பணக்காரர்கள் சுடுவதற்காக மொத்த மலையையும் பூட்டி வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் காவலாட்களைத் தாண்டி ஏறினார்கள், ஐந்து பேருக்குச் சிறை. அப்படி வாங்கிய இடத்தில் நீ கயிறு, டேப் என்று பேசுகிறாய்.

[3:11] கவிதா: டேய், ராத்மன் கேட்டது மனுஷன் கால் வைக்க. உன் லாப்ரடாருக்காக யாரும் உள்ளே போகவில்லை. அவர்கள் கேட்ட உரிமையைக் கொடுத்த சட்டமும் இந்த 2000 சட்டம்தான். நடக்கிற உரிமையும் நாய்க் கயிறும் ஒரே சட்டத்தில் வந்தவை. ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. இன்றைக்கும் சுடுவதற்காகப் பறவை வளர்க்கும் சில மூர்களில் நாயையே விட மாட்டார்கள், கயிறு இருந்தாலும்.

[3:12] செந்தில்: ரயில் வந்துவிட்டது. சுண்டல் ஒரு அம்மாவின் வெள்ளை பேண்ட் மேல் சாய்ந்தாயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

[3:19] லலிதா பெரியம்மா: மூன்றாவது படத்தில் பாதையில் பாவியிருப்பது என்ன கல்? நம்ம வீட்டுக் கடப்பாக்கல் மாதிரி.

[3:21] கவிதா: அது ஒரு கதை பெரியம்மா. நிறைய பேர் நடந்து நடந்து ஈர மண் கூழாகிப் போனது. அதனால் பழைய பஞ்சாலைகளை இடித்தபோது கிடைத்த தளக்கல்லை ஹெலிகாப்டரில் தூக்கி வந்து பாவினார்கள். மில் தொழிலாளர்கள் நடந்து தேய்ந்த கல்.

[3:22] அம்மா: உங்கள் தாத்தா கோவை மில்லில் நின்று தேய்த்த தரையும் யார் வீட்டு வாசலில் கிடக்கிறதோ. நம்மூரையும்தானே தென்னிந்திய மான்செஸ்டர் என்றார்கள்.

[3:24] கவிதா: இன்னொன்றும் இருக்கிறதும்மா. அந்த மில் புகைதான் இந்த மேட்டையே கெடுத்தது. இந்தக் கறுப்பு மண் முழுக்கப் பழைய பாசி. அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர். புகையின் அமிலம் இறங்கிப் பாசி செத்து, மண் அம்மணமாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு கொத்தாகப் பாசியைத் திரும்ப நடுகிறார்கள். கையில் பிழிந்தால் பஞ்சு மாதிரி தண்ணீர் கொட்டுகிறது.

[3:27] ராமு மாமா: கவிதா, என்ன பறவை பார்த்தீர்கள்?

[3:28] கவிதா: மாமா! கர்லூ பார்த்தோம். அரிவாள் மாதிரி கீழே வளைந்த மூக்கு, இவ்வளவு நீளம். அது கூப்பிடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

[3:30] ராமு மாமா: கோடியக்கரையில் குளிர்காலத்தில் பார்த்திருக்கிறேன், அதே இனம். சேற்றில் அந்த மூக்கை முழுசாக உள்ளே விட்டு நண்டு எடுக்கும். முட்டையிடும் இடத்தில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்திலா, தூரத்திலா?

[3:31] கவிதா: ரொம்பப் பக்கத்தில். அதுதான் பிரச்சினை. இவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கயிறு கை நழுவிவிட்டது. சுண்டல் ஸ்பிரிங்கர் ஸ்பானியல், தெரியுமே? புதரில் ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்பி விடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த சாதி. மூக்கு தரையோடு, வால் விசிறி மாதிரி, பத்து விநாடிதான். பஞ்சுப்புல்லிலிருந்து கர்லூ கத்திக்கொண்டே கிளம்பியது.

[3:33] செந்தில்: ஒரு திருத்தம்.

[3:34] செந்தில்: நழுவவில்லை. நான்தான் அவிழ்த்தேன். காலையிலிருந்து இழுத்து இழுத்து அவனுக்குத் தொண்டை கரகரத்தது. சாப்பிடுகிற நேரம் மட்டும் என்று நினைத்தேன்.

[3:34] கவிதா: இதை நேரில் சொல்லியிருக்கலாமே. பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

[3:35] செந்தில்: குழுவில் சாட்சிகள் இருக்கிறார்கள்.

[3:35] பிரபு: செந்தில் மாமா, தைரியமான ஆள்.

[3:38] ராமு மாமா: பறவை அப்புறம் என்ன செய்தது?

[3:41] செந்தில்: தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது மாமா. நாய் குரைக்கிற மாதிரி ஒரு கத்தல். சுண்டலைப் பிடித்துக் கயிறு மாட்டி, சாப்பாட்டை அப்படியே சுருட்டிக்கொண்டு பாதைக்குத் திரும்பி வேகமாக நடந்தோம். ஒரு கல் சுவர் தாண்டிய பிறகுதான் இறங்கியது. கிளம்பிய இடத்திலேயே இறங்கவில்லை. தள்ளி இறங்கி, அக்கம்பக்கம் பார்த்து, புல்லுக்குள் குனிந்து நடந்தே போனது.

[3:43] ராமு மாமா: கூடு இருக்கிறது என்று அர்த்தம். நேராக இறங்கினால் இடம் தெரிந்துவிடும் அல்லவா.

[3:47] ராமு மாமா: பிரபு, நீ கேட்டதால் சொல்கிறேன். நாய் முட்டையைத் தொடவே வேண்டாம். தாய் எழுந்து போய் நேரம் கடத்தினாலே போதும், அந்தக் காற்றுக்கு முட்டை குளிர்ந்துவிடும். நடுவில் காக்கை வந்தால் முடிந்தது. வழக்கமாக நாலு முட்டை, நாலு வாரம் அடைகாப்பு. பொரித்த குஞ்சு அன்றைக்கே ஓடும், ஆனால் பறக்க இன்னும் ஐந்து வாரம் ஆகும். நாய் வந்தால் ஓடாது, தரையோடு படுத்துக்கொள்ளும். நாயின் மூக்குக்கு அது ஒளிவதே இல்லை. நம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் நெட்டைக்காலிக் குருவி இப்படித்தான் புல் குத்துக்கு அடியில் கூடு வைக்கும். அங்கே வீட்டு நாய்க்கு அனுமதியே இல்லை. கயிறு கட்டினால் போதும் என்கிற ஊர்க்காரர்கள் தாராளமானவர்கள்.

[3:50] அம்மா: கோத்தகிரி வீட்டில் கோழி அடையில் உட்கார்ந்தால் அப்பா அந்தப் பக்கம் துடைப்பம் போட விடமாட்டார். கூடையைச் சுற்றி அப்படியே குப்பை கிடக்கும். அண்ணா, ஞாபகம் இருக்கிறதா?

[3:51] ராமு மாமா: நான் கூடையைத் தூக்கிப் பார்த்து அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

[3:52] அம்மா: மாப்பிள்ளை, அடுத்த தடவை அவிழ்க்காதீர்கள்.

[3:52] செந்தில்: சரிங்க அத்தை.

[3:55] பிரபு: சரி, என்னிடம் இருக்கிறது பட்டனை அழுத்தினால் நீளுகிற கயிறு. 5 மீட்டர். ஆகாதா?

[3:56] கவிதா: ஆகாது. 2 மீட்டரில் பூட்டி வைக்க முடிந்தால் ஆகும். ஆனால் அதன் பிடி கையை அறுக்கும். இடுப்பில் கட்டுகிற பெல்ட் வாங்கு, ஏறும்போது நாயே உன்னை இழுத்துக்கொண்டு போகும். ஜேக்கப்ஸ் லேடர் படிக்கட்டில் நான் பாதி தூரம் சுண்டல் புண்ணியத்தில்தான் ஏறினேன். இறங்கும்போது மட்டும் கழற்றிவிடு, இல்லாவிட்டால் பல் போய்விடும்.

[3:57] செந்தில்: ஒரே விதிவிலக்கு: மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குக் கோபம் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பிக்கும், நம்மால் முடியாது.

[3:57] லலிதா பெரியம்மா: இதெல்லாம் கேட்டால் எனக்கு இங்கேயே மூச்சு வாங்குகிறது.

[3:59] பிரபு: மேலே குப்பைத்தொட்டி உண்டா? அவன் ஒரு நாளைக்கு மூன்று முறை போவான்.

[4:00] கவிதா: இல்லை. பையில் கட்டி ரயில் வரை சுமக்க வேண்டியதுதான். சத்தே இல்லாத மண்ணில் வளர்கிற பாசிக்கு அது ஆகாது. மேய்ச்சல் நிலத்தில் விட்டால் மாட்டுக்குக் கன்று கலைந்துவிடும், அப்படி ஒரு கிருமி நாய் மலத்தில் வருகிறது. இரண்டு பைக்குள் போட்டு மூடி இருக்கும் டப்பாவில் வை. நான் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.

[4:01] அம்மா: அந்த டப்பாவைத் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுவராதே.

[4:44] கவிதா: வீட்டுக்கு வந்தாச்சு. குளிப்பாட்டும்போது பார்த்தால் காதுக்குப் பின்னால் உண்ணி. மிளகு அளவு.

[4:45] அம்மா: மண்ணெண்ணெய் தொட்டு வை கண்ணு, தானே விழுந்துவிடும்.

[4:46] கவிதா: வைக்கக் கூடாதும்மா. எண்ணெய் பட்டால் அது திணறி, வயிற்றில் இருப்பதை உள்ளேயே கக்கிவிடும். லைம் நோய் அப்படித்தான் ஏறும், மனுஷனுக்கும். அதற்கென்று சின்னக் கொக்கி இருக்கிறது. தோலோடு ஒட்டி நுழைத்து மெல்லத் திருகினால் தலையோடு வரும்.

[4:47] செந்தில்: நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் இன்னும் கோபமாக இருப்பது சுண்டல் மட்டும்தான்.

[4:47] கவிதா: மட்டும் இல்லை.

[4:52] கவிதா: வந்துவிட்டது. (படம்)

[4:53] லலிதா பெரியம்மா: சாப்பிடும் நேரத்தில் இதைப் போய் அனுப்புகிறாயே!

[4:55] கவிதா: தொடையில் இன்னொன்று. செந்தில் காலைத் தூக்கிப் பார்க்கிறேன், அதாவது சுண்டல் காலை. அப்புறம் வருகிறேன்.