கடல், காடு, கோரல் மூண்டும் ஒரே லீவுல ஏலுமா? ஆகஸ்ட்ல ஆக்கள் வாறாங்க

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அக்காவும் அத்தானும் ரெண்டு புள்ளையளோட ஆகஸ்ட் நடுவுல பிரிஸ்பேன்ல இருந்து வாறாங்க. ஊருக்கு வந்தா வழமையா நடக்கிற என்னெண்டா சொந்தக்காரர் வீடு வீடா ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டயும் நண்டும் றாலும் திண்டு களைச்சு, போகக்குள்ள லீவு எடுத்த மாதிரியே இல்ல எண்டு சொல்லிட்டுப் போற. இந்தமுறை ஒரு கிழமை கடலுக்குப் பக்கத்துல சும்மா கிடக்கணுமாம், அதோட காடும் பாக்கணுமாம், கோரலும் பாக்கணுமாம்.

அத்தான் போன வருசம் ஆஸ்திரேலியாட வடக்குல கெயின்ஸ் பக்கம் போய் வந்த மனிசன். அங்க டெய்ன்ட்ரீ எண்டு ஒரு மழைக்காடு இரிக்கி, கேப் ட்ரிபியூலேசன் எண்ட இடத்துல அந்தக் காட்டு மரம் கடற்கரை மணல் வரைக்கும் வந்து நிக்கும், எதிர்ல கடலுக்க கிரேட் பாரியர் ரீஃப் எண்ட பெரிய கோரல் திட்டு, ஒரு நாள் கோரல் மற்ற நாள் காடு எண்டு எப்ப போன் எடுத்தாலும் இந்தக் கதைதான். "உங்கட மட்டக்களப்புல இப்பிடி ஒண்டு இரிக்கா?" எண்டு கேட்டுச் சிரிக்கிறார் (அவர் யாழ்ப்பாணம், அதுதான் இந்த நக்கல்). எனக்கு ரோசம் வந்து "இரிக்கி, வாங்க காட்டுறன்" எண்டு சொல்லிட்டன். இப்ப காட்டணும்.

புள்ளையளுக்கு 12, 7 வயசு. மூத்தவன் நல்லா நீந்துவான். அம்மாவும் வருவா, அவக்கு முழங்கால் வருத்தம், கன தூரம் நடக்க ஏலா. வேன் இரிக்கி. எங்க தங்குற, எத முதல் செய்யிற, எது காசுக்குக் கேடு எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வாழைச்சேனைப் பொடியன்:
அக்கா ஆகஸ்ட் நல்ல மாசம், பயப்படாதீங்க. நம்மட பக்கம் கடல் சித்திரைக்குப் பிறகு புரட்டாசி வரைக்கும் அடங்கிக் கிடக்கும், வாடை துவங்கினா மறுகா மார்கழி தை வரைக்கும் மழையும் கலக்கலும்தான். கொழும்பு ஆக்கள் ஹிக்கடுவைக்குப் போற நினைப்புல டிசம்பர்ல இஞ்ச வந்து ஹோட்டல் ஜன்னலால மழை பாத்துட்டுப் போறத எத்தின வருசமாப் பாக்கிறம்.

பாசிக்குடாவுல தங்குங்க. அம்மாக்கும் சின்னவனுக்கும் அத விட நல்ல கடல் இலங்கையில இல்ல எண்டு நான் சொல்லுவன், ஊர்ப்பாசம் எண்டு நினைச்சாலும் பரவால்ல. வெளியில கல்லு தடுக்கிறதால பெரிய அலை உள்ளுக்கு வராது, இடுப்பளவு தண்ணியில கன தூரம் நடந்தே போகலாம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையத் தண்ணி ஓரத்துல போட்டுக் குடுங்க, காலை நனைச்சுக்கொண்டு இருக்கட்டும். சனி ஞாயிறும் போயா நாளும் மட்டும் வேணாம், பஸ் பஸ்ஸா ஆக்கள் வந்து இறங்கி பாட்டும் போத்தலும்தான்.

கரையில கண்ணாடி வள்ளம் (அடியில கண்ணாடி வச்சது) எண்டு கூப்புடுவாங்க. சின்னவனுக்காக ஒருக்கா ஏறுங்க, ஆனா அத்தானுக்கு அதக் காட்டி இதுதான் எங்கட ரீஃப் எண்டு மட்டும் சொல்லிடாதீங்க, கரைக்குக் கிட்ட உடைஞ்ச கல்லுத்தான் கூட.

மழைப்பிரியன்:
மழைக்காடு எண்டா சிங்கராஜா தானே. 1988ல உலக மரபுரிமை ஆக்கின காடு. பாசிக்குடாவுல ரெண்டு நாள், பிறகு சிங்கராஜா ரெண்டு நாள், கிறுகி வந்து அறுகம்பே எண்டு போட்டா மூண்டும் முடிஞ்சுது. யூடியூப்ல ஒராள் இப்பிடித்தான் செஞ்சிருந்தார்.

அம்பாறை ரோட்டு:
யூடியூப்காரருக்கு முழங்கால் வருத்தக்கார அம்மா இல்ல போல. மட்டக்களப்புல இருந்து சிங்கராஜாவுக்கு வேன்ல ஒரு பகல் முழுக்கப் போகும், திரும்பி வர இன்னொரு பகல், அங்க போனா அட்டைக்கடி. ஒரு கிழமையில ரெண்டு நாளை ரோட்டுக்கே குடுத்துட்டு அத ஆறுதலான லீவு எண்டு சொல்ல ஏலுமா சொல்லுங்க.

கல்லடிக்காரி, அத்தானுக்கு நேராவே சொல்லிடுங்க, கிழக்குல மழைக்காடு கிடையாது. ஆனி ஆடியில தென்மேல் பருவக்காத்து கொண்டு வாற மழையெல்லாத்தையும் மலைக்கு அந்தப்பக்கம் இரத்தினபுரி, கினிகத்தேனப் பக்கமே இறக்கிட்டு வெறுங்கையோட நம்மட பக்கம் இறங்கும், அதுதான் நம்மட கச்சான். கல்லடியில இருக்கிற உங்களுக்கு அந்தச் சூட்டச் சொல்லித் தரத் தேவையில்ல, பகல் 11 மணிக்குப் பிறகு முகத்துக்கு நேர போறணைக் கதவத் திறந்து விட்ட மாதிரி. நமக்கு மழை தாறது வாடை, அதுவும் நாலு மாசம் அளவுல. அந்த மழைய மட்டும் நம்பி வருசம் முழுக்கப் பச்சையா நிக்கத் தெரிஞ்ச மரங்கள்தான் நம்மட காடு. பாலை, வீரை, கருங்காலி. டெய்ன்ட்ரீ மாதிரி இருட்டா ஈரமா இருக்காது.

ஆனா ஒண்டு, சிங்கராஜாவுல நாள் முழுக்க நடந்தாலும் ஆனையக் காணுறது லேசில்ல. இஞ்ச ஆகஸ்ட்ல காட்டுக்குள்ள தண்ணி வத்த வத்த எல்லா மிருகமும் குளத்தடிக்கு வந்துரும். அதால நான் சொல்றது இங்கினியாகலை. அம்பாறை டவுணுக்கு அங்கால, சேனநாயக்க சமுத்திரக் கரை. கல்லோயா தேசிய பூங்கா 1954ல ஆக்கினது. மற்ற பார்க் எல்லாம் ஜீப்புல குலுங்கிக் குலுங்கி முதுகு முறிஞ்சுதான் பாக்கிற, இஞ்ச வள்ளத்துல. அம்மாவும் ஏறலாம். ஆத்த மறிச்சு அந்தக் குளத்தக் கட்டக்குள்ள முந்தி மேட்டு நிலமா இருந்த இடமெல்லாம் இப்ப தீவா நிக்குது, ஆனை ஒரு தீவுல புல்லு முடிய மற்றத் தீவுக்கு நீந்திப் போகும். தூரத்துல பாத்தா மண்டையும் தும்பிக்கை நுனியும் மட்டும் தெரியும், வள்ளக்காரர் எஞ்சினை நிப்பாட்டினா மூச்சு விடுற சத்தம் கேக்கும். அப்பிடி நீந்துறத எல்லா நாளும் காண ஏலா, கரையில மேயிறத அனேகமாக் காணலாம். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும்தான் நல்ல சீசன், ஆகஸ்ட் நடுவுல தண்ணி இறங்கியிருக்கும், எண்டாலும் போகலாம். வெள்ளன ஒழும்பி முதல் வள்ளத்தப் பிடிங்க.

வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு டிக்கட் வேற விலை. அத முதல்லயே அத்தானுக்குச் சொல்லி வைங்க, வாசல்ல நிண்டு சண்டை வேணாம்.

சுழியோடி:
கோரல் கதைக்கு நான் வாறன். பாசிக்குடா இல்ல, காயங்கேணி. வாழைச்சேனையில இருந்து வாகரைப் பக்கம் போற ரோட்டுல, மாங்கேணிக்கு முதல். 2019ல கடல் சரணாலயமா அறிவிச்ச இடம். கெயின்ஸ்ல வெளி ரீஃபுக்குப் போக பெரிய போட்ல ஒண்டரை மணித்தியாலம் அளவு ஓடணும், இஞ்ச வள்ளம் ஏறி ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற நேரம் காணும். அத்தானுக்கு முதல் அடி அதுலயே விழும்.

எதிர்பார்ப்ப மட்டும் அளவா வைங்க. பாரியர் ரீஃப் 2000 கிலோமீற்றருக்கு மேல நீளம், இது ஒரு சின்னத் துண்டு. முந்தி இந்தக் கரையில முருகைக்கல்ல (கோரலத்தான் அப்பிடிச் சொல்ற) உடைச்சுச் சுட்டு சுண்ணாம்பு எடுத்த காலம் ஒண்டு இருந்தது. பிறகு 1998லயும் 2016லயும் கடல் சூடேறி முருகை வெளுத்தது. முருகைக்குள்ள குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதுக்கு நிறமும் குடுக்கிற சாப்பாடும் குடுக்கிற, சூடு கூடினா அந்தப் பாசி வெளியேறிரும், கன நாள் திரும்பி வராட்டி முருகை பட்டினியில செத்துரும். அதால ஒரு இடம் நல்லா இருக்கும், பத்துப் பாகம் தள்ளி வெறும் கல்லு. நல்ல இடத்துல முகத்தத் தண்ணிக்குள்ள வச்ச உடனே கேக்கிறது டக் டக் எண்டு கிளிமீன் கல்லக் கடிக்கிற சத்தம். பிறகுதான் கண்ணு பழகி நிறம் பிடிபடும். கடிச்ச கல்ல அரைச்சுப் பின்னால வெள்ளை மணலா விட்டுட்டுப் போகும், கோரல் உள்ள கரையில நாம காலை நீட்டிப் படுக்கிற மணல்ல ஒரு பங்கு அப்பிடி வந்ததுதான். இத 7 வயசுக்காரனுக்குச் சொல்லிப் பாருங்க, அந்த நாள் முழுக்க வேற கதை கதைக்க மாட்டான்.

நேரம் முக்கியம். காலம்பற 7 மணிக்கு வள்ளத்துல இருக்கணும். கச்சான் கரையில இருந்து கடலுக்கு வீசுற காத்து, அதால கடல் தட்டையாக் கிடக்கும், ஆக்களும் பயமில்ல எண்டு நினைப்பாங்க. ஆனா வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், காத்தடிச்ச டியூபையும் மெத்தையையும் புள்ளையோட சேத்து வெளியாலதான் தள்ளும். சின்னவனுக்கு லைஃப் ஜக்கட் மட்டும், டியூப் வேணவே வேணாம்.

வள்ளம் பேசக்குள்ள நங்கூரம் எங்க போடுவீங்க எண்டு கேளுங்க. போன சீசன்ல எங்களக் கொண்டு போனவர் கோரலுக்கு மேலயே தூக்கிப் போட்டார், கேட்டா "கல்லுத்தானே தம்பி" எண்டார். மணல்ல போடுற ஆளாப் பாத்துப் பிடிங்க. கல்லுக்கு மேல கால் வைக்கிறதும் வேணாம், அதுக்கும் கேடு உங்கட காலுக்கும் கேடு, முருகை வெட்டின காயம் லேசுல ஆறாது.

அத்தானுக்கு டைவிங் லைசன்ஸ் இருந்தா எப்பிடியும் ஹேர்மிஸ் கப்பலக் கேப்பார். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்கள் அடிச்சுத் தாட்ட விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு நேர வெளியில கிடக்கு. 50 மீற்றர் ஆழம் வரும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீற்றர்தான் கடைசி, ஆசைப்பட்டு அலுப்புக் குடுக்க வேணாம் எண்டு சொல்லுங்க.

பொத்துவில் நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி, இங்கினியாகலை பாத்துட்டு வந்த வழியால மட்டக்களப்புக்குக் கிறுகாதீங்க, சியம்பலாண்டுவையால இறங்கி லாகுகலைக்கு வாங்க. ரோட்டுல இருந்தே குளம் தெரியும், குளம் முழுக்க ஆனைக்குப் பிடிச்ச புல்லு, ஆகஸ்ட்ல பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கூட்டமா இறங்கும். ஜீப்பும் இல்லாம, உம்மா வேனுக்க இருந்தே பாக்கலாம். ஆனா மஹ்ரிபுக்கு முதல் பொத்துவிலுக்கு வந்து சேந்துருங்க, இருட்டுப்பட்டா அந்த ரோடு ஆனைட ரோடு. போன கிழமையும் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சைக்கிள விட்டுட்டு ஓடி வந்தான்.

அறுகம்பே ஆகஸ்ட்ல நிரம்பி வழியும், சேஃபிங்கார (அலையில பலகையில சறுக்குற) வெள்ளக்காரர் முழுப்பேரும் இஞ்சதான், ரூம் வாடகையும் ஏறிரும். மூத்த புள்ளைக்கு பேபி பொயின்ட்ல ஒரு சேஃபிங் கிளாஸ் போட்டுக் குடுங்க, மெயின் பொயின்ட் பக்கம் வேணாம், அடியில கல்லு. களப்பு முகத்துல புள்ளையள இறக்காதீங்க, முதலை இருக்கிற தண்ணி.

குமண தேசிய பூங்காவையும் கேப்பாங்க. கூடு கட்டுற பறவையளப் பாக்க மே, ஜூன் மாசந்தான் நல்லம், ஆகஸ்ட்ல ஜீப்புக்குக் குடுக்கிற காசுக்குப் பெறுமதி குறைவு எண்டு என்ட அபிப்பிராயம், வேற ஆக்கள் வேற மாதிரிச் சொல்லலாம். உம்மா கோயில் கும்புடுறவ எண்டா பாணமையால உகந்தை முருகன் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க. கடலும் மலையும் காடும் ஒண்டா இருக்கிற இடம், உங்கட அத்தான் கேட்டதும் அதுதானே.

கல்லடிக்காரி:
நானா பெரிய உதவி. உகந்தைக்கு அம்மா கதிர்காமப் பாதயாத்திரையில முந்தி நடந்து போனவ, பேரச் சொன்ன உடனே முழங்கால் வருத்தம் பாதி மாறிட்டு. அவ கேக்கிற இன்னொண்டு, வழியில பாலைப்பழம் கிடைக்குமா எண்டு.

சுழியோடி, புறாத்தீவுக்கும் கொண்டு போகச் சொல்லி அத்தான் லிங்க் அனுப்பியிருக்கார். சேக்கவா?

சுழியோடி:
திருகோணமலைப் பக்கம் நிலாவெளிப் புறாத்தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா. மீன் காயங்கேணிய விடக் கூட, செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாவும் காணலாம், கடிக்காது. ஆனா ஆகஸ்ட்ல அங்க கோரல விட ஆக்கள் கூட. பாசிக்குடாவுல இருந்து போய் வர ஒரு நாள் ரோட்டுலயே போகும், அதோட அறுகம்பே நேர் எதிர்ப்பக்கம். சும்மா கிடக்கணும் எண்டு நீங்கதான் எழுதினீங்க.

பிரிஸ்பேன் மட்டக்களப்பான்:
அக்கா, நானும் இஞ்ச இருந்து வந்து போற ஆள். அத்தான் ஒரு கதைய விட்டுட்டார் போல. கெயின்ஸ் பக்கக் கரையில நவம்பர்ல இருந்து மே வரைக்கும் விசச் சொறிமுட்டை (ஜெலி மீன்) வரும், வலை கட்டின இடத்துக்குள்ளதான் குளிக்கிற, இல்லாட்டி உடம்ப மூடி உடுப்புப் போடணும். டெய்ன்ட்ரீ கரையில முதலைக்குப் பயந்து தண்ணியில காலே வைக்க விடமாட்டாங்க. ரீஃபுக்கு 1981லயும் அந்தக் காட்டுக்கு 1988லயும் மரபுரிமைப் பட்டம் குடுத்தது சரிதான், வடிவான இடம், பொய் சொல்லக்கூடாது. ஆனா குடும்பத்தோட இறங்கி ஊறிக் கிடக்கிறதுக்கு பாசிக்குடாதான்.

புள்ளையளுக்கு நீட்டுக் கை நீச்சல் சட்டை அங்கயே வாங்கிக் கொண்டு வரச் சொல்லுங்க, வெயில் கிறீம் பூசுறது குறையும். சில கிறீம்ல ஒக்ஸிபென்சோன் எண்டு ஒண்டு இரிக்கி, கோரலுக்குக் கூடாது. ஆகஸ்ட் அங்க குளிர்காலம், முதல் ரெண்டு நாளும் வெயிலுக்க கொண்டு திரியாதீங்க, கச்சானுக்கு உடம்பு பழகட்டும்.

அம்பாறை ரோட்டு:
பாலைப்பழம் ஆனி ஆடியில எண்டா ரோட்டோரம் பையில கட்டி விப்பாங்க, ஆகஸ்ட் நடுவுல கிடைச்சா அம்மாட அதிஷ்டம். அந்தச் சீசன்ல கரடியும் அந்த மரத்தடியிலதான், அதால ரோட்டுல வாங்கித் திங்கிறதோட நிப்பாட்டச் சொல்லுங்க, பால் உதட்டுல ஒட்டும், கொஞ்சம் தேங்காண்ணெய் வச்சுக்கொள்ளுங்க.

நாளைப் பிரிக்கிறது உங்கட விருப்பம், நான் எண்டா முதல் நாலு ராவும் பாசிக்குடா, அதுக்குள்ள ஒரு விடியக்காலை காயங்கேணி. மறுகா இங்கினியாகலை ஒரு ராவு, கடைசியா அறுகம்பே. இங்கினியாகலையில தங்குற இடம் கொஞ்சந்தான், அதை இப்பவே போன் பண்ணிப் பிடிங்க. பாசிக்குடாவுல கிழமை நாள்ல ரூம் எப்பிடியும் அம்புடும்.