பதில்: வாய்ஸ் பேங்கிங் – விதைக்குரல்னு சொல்லலாமா?

> குரல் வங்கின்னே வச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வாய்ஸ் பேங்கிங்குக்குத் தமிழ்ச் சொல்லா குரல் வங்கின்னா புரியும்தான், ஆனா வங்கின்னா போட்டு வச்சதத்தான எடுப்போம். இங்க நடக்கறது வேற. ஏஎல்எஸ் மாதிரி நரம்பு நோய் வந்தவங்க, புற்றுநோயால குரல்வளைய முழுசா எடுக்கப் போறவங்க, பேச்சு தெளிவா இருக்கும்போதே கொஞ்சம் வாக்கியங்கள வாசிச்சுப் பதிவு பண்ணி வைக்கறாங்க, அதுலருந்து கம்ப்யூட்டர் அவங்க குரலக் கத்துக்குது, அப்புறம் அவங்க ஆயுசுல ஒரு தடவகூட சொல்லாத வாக்கியத்த டைப் பண்ணினாலும் அவங்க குரல்லயே வருது. 2023ல ஆப்பிள் கொண்டுவந்த பெர்சனல் வாய்ஸ்ங்கற வசதிக்கு 150 வாக்கியம், கால் மணி நேரம் போதும்னாங்க.

வங்கிங்கறது மெசேஜ் பேங்கிங்குக்கு சரியா வரும். "சாப்டியா கண்ணு"ன்னு அவங்க சொன்னது, அவங்க சிரிப்பு, எல்லாத்தயும் அப்படியே பதிஞ்சு வச்சு அப்படியே ஒலிக்க விடறது அது.

அதனால என் பரிந்துரை, விதைநெல் மாதிரி பதிஞ்சு வைக்கறது விதைக்குரல், அதுலருந்து வர்றது விளைகுரல். விளைநிலம் மாதிரி வினைத்தொகை. பழந்தமிழ்ல குரலுக்குக் கதிர்னே ஒரு பொருள் உண்டே, தினைக்குரல்னு வருமில்ல.

செயற்கைக்குரல்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. எங்க பெரியப்பாவுக்குக் குரல்வளைய எடுத்தப்ப முன்னாடியே பதிஞ்சு வைக்கலாம்னு யாரும் சொல்லல, எங்களுக்கும் தெரியல. மிச்சம் இருக்கறது வாட்ஸ்அப்ல 3 வாய்ஸ் மெசேஜ், பெரியம்மா இன்னமும் அதப் போட்டுக் கேக்கறாங்க. அதுலருந்து ஒரு குரல் செஞ்சு குடுத்தா, அதப் போய் செயற்கைன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் செய்யவும் முடியும், 2006ல பேச்ச இழந்த சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட்டுக்கு அவரோட பழைய டிவிடி வர்ணனைகள்லருந்துதான் குரல் செஞ்சாங்க, களத்துல சிந்தின நெல்லப் பொறுக்கி விதைச்ச மாதிரி.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் பேசினதே எந்திரக்குரல்தானன்னு அக்கா கேட்டிருந்தாங்க. அது டென்னிஸ் கிளாட்ங்கற ஆய்வாளரோட குரல அடிப்படையா வச்சு செஞ்சது, ஹாக்கிங்கோடது இல்ல. அந்த மாதிரி பொதுக் குரலுக்கு வேணா எந்திரக்குரல்னு வச்சுக்கலாம். ஆனா அவரும் அத மாத்திக்கவே விரும்பல, தன் குரல்னுதான் நெனச்சார்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. பிறவியிலயே பேச முடியாதவங்களுக்கு வேற ஒருத்தர் பதிஞ்சு தர்ற குரல், அதுக்குக் கொடைக்குரல் சரியா இருக்குமா? இரவல் குரல்னு மட்டும் வேண்டாம், என்னிக்கோ திருப்பிக் கேக்கப்போற மாதிரி இருக்கு.